விளக்கை அணைக்காமல்

வயிற்றைப் பார்க்க அறை இருட்ட வேண்டும்.
பதினோரு வருடப் பழக்கத்தில்
கை தானாக சுவிட்சுக்குப் போனது.
படுத்திருந்த ஒரியானா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.
எலியாசரின் கைகள் அந்தரத்தில் நின்றன,
பாதி வாக்கியத்தில்.

இருட்டில் இவர்களுக்கு வாய் இல்லை என்பது
எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

மேசை விளக்கைத் தரையில் இறக்கி
சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன்.
திரைக்குப் பாதி இருட்டு,
விரல்களுக்குப் பாதி வெளிச்சம்.
என் சைகை அரைகுறை;
மிச்சத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம்.

கெயோனில் அன்றும் மழை.
கணப்பின் பக்கத்தில் வைத்திருந்த ஜெல்லைத் தடவியதும்
அவள் சிரித்தாள்:
ஐஸ் மாதிரி இருக்கும் என்று
அக்காள் பயமுறுத்தியிருந்தாளாம்.

இருபது வாரம்.
தலையை அளந்தேன், தொடையெலும்பை அளந்தேன்.
முதுகெலும்பு திரையில் நீளவும்
எலியாசர் என் தோளைத் தட்டினான்:
எங்கள் கடல் பண்ணையில்
சிப்பி பிடித்துத் தொங்கும் கயிறு இப்படித்தான்,
நல்ல பிடிப்பு.
இதயத்தில் நாலு அறை.
'நாலிலும் விளக்கு எரிகிறது' என்று எழுதிக் காட்டினேன்.

அடுத்து, எல்லோருக்கும் ஒலியைத் திறக்கும் இடம்.
என் விரல் குமிழிலேயே இருந்தது.
பிறகு முழுக்கத் திருகி
அவன் உள்ளங்கையை எடுத்து
ஒலிபெருக்கியின் மேல் வைத்தேன்.
நிமிடத்துக்கு நூற்று நாற்பத்தெட்டு.
அவன் கண்ணை மூடினான்.
மறு கையால் அவள் மணிக்கட்டில்
அதையே தட்டத் தொடங்கினான்,
ஒன்றுகூட விடாமல்.
பிள்ளையிடமிருந்து தாய்க்கு
தகப்பன் வழியாகப் போயிற்று.

உள்ளே போய் மோதித் திரும்பி
இந்தப் படத்தை வரைகிற ஒலியை
நானும் கேட்டதில்லை.
மனிதக் காதுக்கு எட்டாத ஒலி அது.
அதன் முன்னால் அந்த அறையில்
மூன்று பேருக்கும் ஒரே காது.

அவள் ஒன்று கேட்டாள்.
'கேட்குமா, கேட்காதா என்று இந்தப் பெட்டிக்குத் தெரியாது'
என்று அவசரமாக எழுதினேன்.
அவள் தலையை ஆட்டி
தன் விரல்களை விரித்துக் காட்டினாள்.
அதைத்தான் கேட்டிருக்கிறாள்.

எண்ணினோம். இடது ஐந்து.
வலது கை ஒளிந்துகொண்டது,
அவளை ஒருக்களிக்கச் சொன்னதும் வந்தது,
விரிந்தது, மூடியது,
இரண்டு விரல் நெற்றியைத் தொட்டது.
இருவரும் ஒரே சமயத்தில்
தங்கள் நெற்றியை இரு விரலால் தொட்டார்கள்.
பெயர் அப்படித்தான் விழுந்தது.
பதிவேட்டில் எழுத முடியாத பெயர்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பார்த்தேன்:
கருப்பையின் வாயை மூடியபடி நஞ்சுக்கொடி.
வாசலில் ஒருவன் பாய் விரித்துக் கிடப்பதாக
படம் போட்டேன்.
பெரும்பாலும் எழுந்து மேலே போய்விடுவான்,
முப்பத்திரண்டில் பார்ப்போம்.

முப்பத்திரண்டில்
அவன் எழுந்திருக்கவில்லை.
புவெர்ட்டோ மான்ட்டுக்குக் கடிதம் எழுதினேன்:
வலிக்குக் காத்திருக்கக் கூடாது,
அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும்,
ரத்தம் தயாராக இருக்கட்டும்.
சிப்பி அறுவடைக் காலம்.
எலியாசர் படத்தை ஒருமுறை பார்த்தான்,
ஒன்றும் கேட்காமல் மடித்துப் பையில் வைத்தான்.

சக்காவோ கால்வாயில்
படகுகள் நின்றுபோன இரவு எனக்குப் பணி.
ஜன்னல் முழுக்கக் காற்று.
அன்றுதான் அவளுக்கு ரத்தம் கண்டது
என்று பிறகு தெரிந்தது:
கடலுக்கு அந்தப் பக்கம்,
மருத்துவமனையிலிருந்து நாலு தெரு தள்ளி,
வாடகை அறையில்.
நடந்தே போயிருக்கிறார்கள்.

ஏப்ரலில் ஒரு வீடியோ வந்தது.
சத்தத்தைக் கூட்டிவிட்டு, பிறகு குறைத்தேன்.
துணிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து
எதற்கோ விரிகிறது.

மேசை விளக்கு இன்னும் தரையில்தான்.
கேட்கும் காதுள்ளவர்களும்
படம் தெரியும் நேரத்தில்
பக்கத்துக் கையைத்தான் துழாவுகிறார்கள்.
பெருக்க வரும் நிடியா
தினமும் அதில் இடறித் திட்டுகிறாள்.
நான் எடுப்பதாயில்லை.